வாடகை வீடா, செம்பனை நிலமா, இபிஎஃப்-இலேயே விடுவதா? சுங்கை சிப்புட் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டின் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) ஒற்றைமாடி வரிசை வீடு ஒன்று விற்பனைக்கு வந்தால், விற்பவர் முதலில் சொல்வது "மாசம் 700 வெள்ளி வாடகை வருது" என்பதுதான். செம்பனை நிலம் விற்பவர் "ஏக்கருக்கு ஏழு டன் காய்க்குது" என்பார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது. வாடகை என்பது வருமானம், காய்ப்பு என்பது விளைச்சல். உங்கள் பணம் என்ன சம்பாதிக்கிறது என்பது இரண்டிலும் இல்லை.

தோட்டத்தில் வேலை பார்த்துச் சேர்த்த 35,000 வெள்ளி (ரிங்கிட்) கையில் உள்ள ஒரு குடும்பத்தை வைத்து, வீடு, நிலம், இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) மூன்றையும் ஒப்பிடுவோம். பிள்ளைகள் ஈப்போவில் வேலை செய்கிறார்கள், மாதம் சில நூறு வெள்ளி கொடுத்து உதவுவார்கள். கீழே வரும் வீட்டு விலை, வாடகை, கூலி, குலை விலை எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் இடத்து எண்ணைப் போட்டு மறுபடி கணக்கிட வேண்டும். முத்திரை வரி, வழக்கறிஞர் கட்டணம், சொத்து ஆதாய வரி ஆகியவற்றின் விகிதங்கள் மட்டும் சட்டத்தில் உள்ளவை.

முதலில் ஒரு விலக்கு

இன்னும் தோட்டத்து லயத்தில் குடியிருப்பவருக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலை முடிந்தால் அதுவும் போகும். அவர் வாங்கும் முதல் வீட்டுக்கு ஈட்டு விகிதம் (ஆண்டு வருமானம் விலையில் எத்தனை விழுக்காடு என்பது) பார்க்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற மறுமாதமே வெளியில் 700 வெள்ளி வாடகை கட்டாமல் இருப்பதே அந்த வீட்டின் வருமானம். அதில் காலி மாதமும் கிடையாது, வருமான வரியும் கிடையாது.

அவருக்குச் சட்டமும் கைகொடுக்கிறது. 500,000 வெள்ளிக்கு மேற்படாத முதல் வீட்டுக்கு உரிமை மாற்றப் பத்திரத்துக்கும் கடன் பத்திரத்துக்கும் முத்திரை வரி முழு விலக்கு உண்டு. 2027 டிசம்பர் 31 வரை இது நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆனால் இதற்கு முன் எந்தக் குடியிருப்பு வீடும் உங்கள் பெயரில் இருந்திருக்கக் கூடாது. அப்பா இறந்தபின் பாகமாக வந்த வீடும் கணக்கில் சேரும். அண்ணன் தம்பிகள் நால்வர் பெயரிலும் பழைய கம்பத்து வீட்டை மாற்றி எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொருவரும் முதல் வீடு வாங்கப் போய் விலக்கை இழப்பது அடிக்கடி நடக்கிறது. பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

இபிஎஃப்-இல் செஜாத்ரா எனும் உட்கணக்கிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்கலாம். முதல் வீட்டை வைத்துக்கொண்டே இரண்டாம் வீட்டுக்கு எடுக்க முடியாது. முதலாவதை விற்றிருக்க வேண்டும். ஆகவே வாடகைக்கு விடும் இரண்டாம் வீட்டுக்கு முன்பணம் இபிஎஃப்-இலிருந்து வரும் என்று எண்ணி யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம். சம்பளச் சீட்டு இல்லாதவர், சிறு கடை நடத்துபவர் முதல் வீட்டுக்கு எஸ்ஜேகேபி கடன் உத்தரவாதத் திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

சொந்த வீடு இருக்கிறது, அதற்கு மேல் 35,000 வெள்ளி இருக்கிறது என்பவருக்குத்தான் இனி வருவது.

180,000 வெள்ளி வீடு: ஒவ்வொரு வெள்ளியும் போகும் இடம்

விலை 180,000. வாடகை மாதம் 700, ஆண்டுக்கு 8,400. ஆண்டு வாடகையை விலையால் வகுத்தால் 4.67 விழுக்காடு. இதுதான் மொத்த ஈட்டு விகிதம். முகவர்கள் சொல்வது இதையே. எந்தச் செலவும் இதில் கழிக்கப்படவில்லை.

இப்போது கழிப்போம். ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று வையுங்கள்: 700 வெள்ளி. ஒரு குடும்பம் போய் அடுத்தது வர, சுவரில் சாயம் அடிக்க, பூட்டு மாற்ற ஒரு மாதம் ஓடிவிடும். கோல கங்சார் நகராண்மைக் கழகத்துக்குச் சுக்காய் பிந்து (மதிப்பீட்டு வரி), நில அலுவலகத்துக்குச் சுக்காய் தானா (நில வரி), இரண்டும் சேர்த்து 350. தீக் காப்புறுதி 150. பழுது 900. பழுதை எல்லோரும் குறைத்தே போடுகிறார்கள். இருபது வருட வீட்டில் கூரை ஒழுக்கு ஒருமுறை, தண்ணீர்த் தொட்டி ஒருமுறை, கழிவறைக் குழாய் ஒருமுறை என்று வந்தால் ஆண்டுக்கு 900 போதாமலும் போகலாம். ஆக 2,100 வெள்ளி கழிந்து 6,300 மிஞ்சும். விலையில் 3.5 விழுக்காடு. இதுதான் நிகர ஈட்டு விகிதம். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட இந்த எண்தான் உதவும்.

வாங்கும் நாளில் கையிலிருந்து போவது என்ன? 90 விழுக்காடு கடன் கிடைத்தால் முன்பணம் 18,000. உரிமை மாற்ற முத்திரை வரி முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000 வரை 2 விழுக்காடு. இங்கே 2,600 வெள்ளி. விற்பனை ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர் கட்டணம் 500,000 வரை 1.25 விழுக்காடு: 2,250. கடன் பத்திரத்துக்கும் அதே விகிதம், 162,000 கடனுக்கு 2,025. கடன் முத்திரை வரி அரை விழுக்காடு: 810. கட்டணங்களின் மேல் 8 விழுக்காடு சேவை வரி: 342. மதிப்பீட்டாளர், பதிவு, தேடல் செலவுகளுக்கு 1,300 வையுங்கள். மொத்தம் 9,300 சொச்சம். ஆள் குடிவரும் முன் சாயம், மின்கம்பி, கிரில் என்று 5,000. எல்லாம் கூட்டினால் 32,300 வெள்ளி. 35,000 வைத்திருப்பவரிடம் அதன்பின் மிஞ்சுவது 2,700. ஏறக்குறைய மூன்று மாதத் தவணைக்குத்தான் அது வரும்.

வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டை 170,000 என்று மதித்தால் கடன் 153,000 ஆகிவிடும். மீதி 9,000 வெள்ளியை நீங்கள்தான் போட வேண்டும். பல பேர் தடுக்கி விழுவது இந்த இடைவெளியில்தான். ஒப்பந்தத்துக்கு முன்பே வங்கியில் வாய்மொழி மதிப்பீடு கேட்டுக்கொள்ளலாம், பெரும்பாலும் செலவில்லாமல் சொல்வார்கள்.

தவணை விகிதம் என்ற எண்

162,000 வெள்ளிக் கடன், 4.2 விழுக்காடு வட்டி, 30 ஆண்டு. மாதத் தவணை 792 வெள்ளி, ஆண்டுக்கு ஏறக்குறைய 9,500. ஓராண்டுத் தவணையைக் கடன் தொகையால் வகுத்தால் 5.87 விழுக்காடு. இதைத் தவணை விகிதம் என்போம். வட்டி விகிதத்தை மட்டும் பார்ப்பவர்கள் "4.2-தானே" என்று நிம்மதி அடைகிறார்கள். கையிலிருந்து ஒவ்வொரு மாதமும் போவது 5.87.

நிகர ஈட்டு விகிதம் 3.5, தவணை விகிதம் 5.87. முதலாவது இரண்டாவதைவிடக் குறைவாக இருக்கும் வரை, அதிகம் கடன் வாங்க வாங்க மாதாந்தரப் பள்ளம் ஆழமாகும். இந்த வீட்டில் வருவது ஆண்டுக்கு 6,300, கட்டுவது 9,500. மாதம் 267 வெள்ளி உங்கள் சட்டைப் பையிலிருந்து போகும். வரும் நிகர வருமானத்தைத் தவணையால் வகுத்தால் 0.66, அந்தத் தாங்கு விகிதம் 1-ஐத் தொட்டால்தான் வீடு தன்னைத் தானே சுமக்கும்.

அந்தத் தவணை முழுக்கச் செலவல்ல, அசலும் அடைகிறதே என்பார்கள். சரியான கேள்வி. முதல் ஆண்டில் கட்டும் 9,500-இல் வட்டி 6,750, அசல் 2,750. அசலில் அடைவது வீட்டில் உங்கள் பங்காகச் சேர்கிறது. ஆனால் வட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 6,750, நிகர வருமானமான 6,300-ஐவிட அதிகம். அதாவது வாடகை வட்டிக்கே போதவில்லை. விலை ஏறினால் மட்டுமே லாபம் உண்டு.

வட்டி மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன்கள் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஓபிஆர் எனும் அடிப்படை வட்டி விகிதத்தைத் தொடர்ந்து ஏறி இறங்கும். 2022 மே மாதத்துக்கு முன் அது 1.75 விழுக்காடு. 2023 மே மாதத்தில் 3.00. 2025 ஜூலையில் 2.75 ஆக இறங்கியது. இந்தக் கடனில் வட்டி அரை விழுக்காடு ஏறினால் தவணை 840 ஆகும். மாதம் 48 வெள்ளி கூடுதல். வாடகைக்காரரிடம் அதைக் கேட்க முடியாது.

பத்து ஆண்டு கழித்து

அந்த 32,300 வெள்ளியை இபிஎஃப்-இல் போட்டு, வீட்டுக்காக மாதாமாதம் கையிலிருந்து போடவிருந்த 267 வெள்ளியையும் அங்கேயே சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? இபிஎஃப் 2023-இல் 5.50, 2024-இல் 6.30 விழுக்காடு இலாப ஈவு கொடுத்தது. நாம் 5.5 என்றே வைப்போம். பத்து ஆண்டு முடிவில் கணக்கில் ஏறக்குறைய 96,000 வெள்ளி இருக்கும்.

வீட்டுப் பக்கம்: பத்து ஆண்டு கழித்துக் கடன் பாக்கி 128,500. வீட்டு விலை ஆண்டுக்கு 1 விழுக்காடு ஏறினால் 198,800 ஆகும். முகவர் கட்டணம் 3 விழுக்காடு, வழக்கறிஞர் செலவு எல்லாம் போய், கடனும் அடைத்தால் கையில் 62,000 அளவு. 2 விழுக்காடு ஏறினால் 82,000. 3 விழுக்காடு ஏறினால் 103,600. அதாவது வீடு இபிஎஃப்-ஐ மிஞ்ச, விலை பத்தாண்டும் தொடர்ந்து ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 3 விழுக்காடு ஏற வேண்டும். இதில் வாடகை 700-இலேயே நிற்பதாக வைத்திருக்கிறோம். மூன்றாண்டுக்கு ஒருமுறை 50 வெள்ளி ஏற்ற முடிந்தால் வீட்டின் நிலை கொஞ்சம் மேம்படும்.

ஈப்போ ஓரத்திலோ ஷா ஆலமிலோ வீடு வாங்குபவர் 3 விழுக்காட்டை எதிர்பார்ப்பதற்குக் காரணம் இருக்கலாம். தோட்டங்கள் சூழ்ந்த ஊரில், பிள்ளைகள் படித்து முடித்ததும் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போய்விடும் ஊரில், அந்த எண்ணை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் தாமானில் இதே மாதிரி வீடு பத்து வருடத்துக்கு முன் என்ன விலைக்குப் போனது என்று ஜேபிபிஎச் (அரசின் சொத்து மதிப்பீட்டுத் துறை) வெளியிடும் பரிமாற்ற விலைகளில் பாருங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை அதற்குச் சான்றாகாது.

இபிஎஃப்-க்கும் குறை உண்டு. இலாப ஈவு நிலையானதல்ல. வழக்கமான சேமிப்புக்குச் சட்டம் உறுதி சொல்வது 2.5 விழுக்காடு மட்டுமே. 55 வயதுக்குக் கீழ் இருப்பவர் தாமாகப் போடும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கில் பூட்டப்படும், 15 செஜாத்ராவில், 10 மட்டுமே எப்போதும் எடுக்கக்கூடிய பிளெக்சிபல் கணக்கில் விழும். ஆண்டுக்கு 100,000 வெள்ளி வரை சுயமாகப் போடலாம். ஆறு மாதத்தில் மகள் கல்யாணத்துக்குத் தேவைப்படும் பணத்தை அங்கே போடக் கூடாது. அதற்கு நிரந்தர வைப்புதான், வட்டி குறைவு என்றாலும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை பிஐடிஎம் (வைப்புக் காப்புறுதிக் கழகம்) பாதுகாப்பு இருக்கிறது.

"கூட்டு பிடித்தால் இதைவிட வரும்" என்று சொல்பவர்களும் உண்டு. கூட்டு (சீட்டு) நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. நடத்துபவர் ஓடிவிட்டால் போலீசில் சொல்வதற்கே தயங்குவீர்கள். வீட்டு முன்பணத்தைக் கூட்டில் வைத்திருந்து, ஒப்பந்த நாளில் பணம் வராமல் முன்வைப்பை இழப்பது தாங்க முடியாத நட்டம்.

எந்த விலையில் வீடு சரி?

இந்தக் கணக்கை வீடு வேண்டாம் என்ற முடிவாகப் படிக்க வேண்டாம். பேரம் பேசும் எண்ணை இது கொடுக்கிறது. நிகர வருமானம் 6,300. கடன் 90 விழுக்காடு, தவணை விகிதம் 5.87. இரண்டையும் பெருக்கினால் விலையில் 5.28 விழுக்காடு. 6,300-ஐ அதால் வகுத்தால் 119,000 வெள்ளி. 700 வெள்ளி வாடகை வரும் வீட்டை 119,000-க்கு வாங்கினால் அது கையைக் கடிக்காது. சுருக்கமாக, மாத வாடகை விலையில் 0.6 விழுக்காடாவது இருக்க வேண்டும். 180,000 வீட்டில் அது 0.39.

இன்னொரு வழி கடனைக் குறைப்பது. பாதி விலையைக் கையில் போட்டு 90,000 மட்டும் 25 ஆண்டுக்கு எடுத்தால் தவணை 485, நிகர வருமானம் மாதம் 525. நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் கையில் 100,000-க்கு மேல் போட்டிருப்பீர்கள், அதே பணம் இபிஎஃப்-இல் ஆண்டுக்கு 5,500 கொடுத்திருக்கும்.

119,000-க்கு வீடு எங்கே கிடைக்கும் என்றால், ஏலத்தில். நில அலுவலகமோ உயர் நீதிமன்றமோ நடத்தும் லேலோங்கில் ஒதுக்கு விலையில் (ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலையில்) 10 விழுக்காடு வங்கி வரைவோலையாகக் கட்டிக் கலந்துகொள்ள வேண்டும். வென்றால் மீதியை 120 நாளில் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும். இங்கேதான் பலர் சிக்குகிறார்கள்: வென்ற பிறகு வங்கிக்கு ஓடுகிறார்கள், கடன் 100-ஆவது நாளில் மறுக்கப்படுகிறது. கடன் தகுதிக் கடிதம் ஏலத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். வீட்டின் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. பழைய சொந்தக்காரர் இன்னும் குடியிருக்கலாம். அவரை வெளியேற்றுவது உங்கள் பொறுப்பு, உங்கள் செலவு. அதற்கும் கம்பி திருடப்பட்ட வீட்டுக்கும் சேர்த்து 15,000 வெள்ளி தனியே வைத்துவிட்டு விலை கேளுங்கள். ஆள் இல்லாமல் ஒதுக்கு விலை அடுத்த சுற்றில் குறைவது வழக்கம். பொறுமைக்கு இதில் விலை இருக்கிறது.

வாடகைக்காரர்

ஒப்பந்தத்துக்கு முத்திரை குத்தாமல் விடாதீர்கள். ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. 8,400-க்கு 34 வெள்ளிதான். முன்பு முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரியிலிருந்து இல்லை. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது, வங்கியும் அந்த வாடகையை உங்கள் வருமானத்தில் சேர்க்காது. இரண்டு மாத வைப்பு, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதமோ ஒரு மாதமோ, முதல் மாத வாடகை முன்கூட்டி. இதில் சொந்தக்காரர், தெரிந்தவர் என்று தள்ளுபடி செய்தால் பின்னால் கேட்க வாய் வராது. தெனாகா மின்சாரக் கணக்கை வாடகைக்காரர் பெயருக்கு மாற்றிவிடுவது நல்லது.

வாடகை நின்றுவிட்டால் பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் ஊரில் வழக்கமாக இருக்கலாம். 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப்) சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. வழக்கு மாதக்கணக்கில் போகும். அந்த மாதங்களிலும் 792 வெள்ளி தவணை நிற்காது. ஆறு மாதத் தவணை, ஏறக்குறைய 4,800 வெள்ளி தொடாமல் இல்லாதவர் 90 விழுக்காட்டுக் கடனில் இறங்குவது அகலக் கால்.

வாடகை வருமானத்துக்கு வருமான வரி உண்டு. வட்டி, சுக்காய் பிந்து, சுக்காய் தானா, தீக் காப்புறுதி, பழுது ஆகியவற்றைக் கழிக்கலாம். தவணையில் அடையும் அசலையும், முதல் வாடகைக்காரரைப் பிடித்துத் தந்த முகவர் கட்டணத்தையும் கழிக்க முடியாது. நமது உதாரண வீட்டில் கழித்தபின் கையில் ஒன்றும் மிஞ்சாது, வரியும் இல்லை. ஆனால் அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவோ அடுத்த ஆண்டுக்குத் தூக்கிச் செல்லவோ விடமாட்டார்கள்.

விற்கும்போது சொத்து ஆதாய வரி: மலேசியக் குடிமகன் மூன்று ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15, ஆறாம் ஆண்டிலிருந்து இல்லை. 10,000 வெள்ளி அல்லது ஆதாயத்தில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது விலக்கு. செலவுகள் போக ஆதாயம் 15,000 என்றால், நான்காம் ஆண்டில் 5,000-க்கு மட்டும் 20 விழுக்காடு, 1,000 வெள்ளி.

இரண்டு ஏக்கர் செம்பனை

நிலத்தின் மேல் நம்மவர்க்குள்ள ஆசைக்குக் காரணம் இருக்கிறது. 1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். பால்மரம் வெட்டிய குடும்பங்கள் வேலையும் லயமும் இழந்தன. அந்தத் தோட்டத் துண்டாடலுக்கு எதிராகத்தான் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று தேசிய நிலச் சட்டத்தின்படி 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலத்தைக் கைமாற்ற எஸ்டேட் நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்குக் கீழ், அதாவது சுமார் ஓர் ஏக்கருக்குக் கீழ் பிரிக்கவும் முடியாது. நான்கு பேர் சேர்ந்து இரண்டு ஏக்கர் வாங்கி "அரை ஏக்கர் அரை ஏக்கராகப் பத்திரம் பண்ணிக்கலாம்" என்று பேசுவது நடக்காத காரியம்.

கணக்கு: ஏக்கர் 70,000 வெள்ளி, இரண்டு ஏக்கர் 140,000. பத்து வயது மரம், ஏக்கருக்கு 60. ஏழு டன் வீதம் 14 டன். டன் 800 வெள்ளி என்றால் வரவு 11,200. வெட்டுக்கூலியும் லாரியும் டன்னுக்கு 110, மொத்தம் 1,540. உரம் மரத்துக்கு ஏழு கிலோ, 17 மூட்டை, 1,870. ஓலை வெட்டு, களை மருந்து 1,000. சுக்காய் தானா 100. மிச்சம் 6,690, விலையில் 4.8 விழுக்காடு. வீட்டைவிட மேல் போலத் தெரியும்.

குலை விலை 500-க்கு இறங்கினால்? செலவு அப்படியே நிற்கும், மிச்சம் 2,490. 1.8 விழுக்காடு. வாடகை ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்காது, குலை விலை இறங்கும். 84,000 வெள்ளி கடன், 5 விழுக்காடு, 15 ஆண்டு என்றால் தவணை மாதம் 664. நல்ல விலையிலேயே மாதம் 107 வெள்ளி குறையும், கெட்ட விலையில் 457. கையில் போட வேண்டியதும் 60,000-ஐத் தாண்டும்; விவசாய நிலத்துக்கு வங்கிகள் 90 விழுக்காடு தருவதில்லை. 35,000 வைத்திருக்கும் குடும்பம் இங்கேயே நின்றுவிட வேண்டும்.

விலை சரிந்த ஆண்டில் முதலில் நிறுத்தப்படுவது உரம். அந்த ஆண்டு ஒன்றும் தெரியாது. செம்பனையில் பூ ஆணா பெண்ணா என்பது குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் அடி விழுவது இரண்டு ஆண்டு கழித்து, விலை ஏறியிருக்கும் நேரத்தில். விற்பவரிடம் கடைசி மூன்று ஆண்டு உர ரசீதும் ஆலை அல்லது வியாபாரியின் எடைச் சீட்டும் கேளுங்கள். "ஏழு டன்" என்பது வாய்ப்பேச்சா என்பது எடைச் சீட்டில் தெரியும்.

மரத்துக்கு 25 ஆண்டு ஆயுள். பத்து வயது மரம் வாங்கினால் 15 ஆண்டில் சாய்த்து மறுநடவு; அதன்பின் மூன்று ஆண்டு காய்ப்பில்லை. ஆகவே வரும் 6,690-இல் ஒரு பங்கு மரத்தின் தேய்மானம், அதைச் செலவு செய்யக் கூடாது. அடித்தண்டில் கனோடெர்மா காளான் கண்ட மரங்களை வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள். காட்டோர நிலமென்றால் இளங்கன்றுக்குக் காட்டுப்பன்றியும் யானையும் உண்டு. குலை விற்க மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் (எம்பிஓபி) உரிமமும், நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான எம்எஸ்பிஓ சான்றும் தேவை.

தோட்டத்தில் முப்பது ஆண்டு வெட்டிய கை சொந்த நிலத்திலும் வெட்டினால் கூலி மிச்சம்தான். டன்னுக்கு 70 வெள்ளி வெட்டுக்கூலி என்றால் 14 டன்னுக்கு 980. ஆனால் அது உங்கள் உழைப்புக்கு நீங்களே கொடுத்த கூலி. நிலத்தின் ஈட்டில் அதைச் சேர்த்தால், முதுகு வலி வந்த நாளில் கணக்கு உடையும்.

மலிவு அடுக்குமாடி

75,000 விலை, 400 வாடகை; மொத்த ஈட்டு விகிதம் 6.4 விழுக்காடு. பராமரிப்புக் கட்டணம் 50, சேமநிதிக்கு அதில் பத்தில் ஒரு பங்காக 5, காலி மாதம், பழுது, வரி கழித்தால் 3,040. நிகரம் 4 விழுக்காடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் பராமரிப்புக் கட்டாவிட்டால் தண்ணீர்ப் பம்பு நிற்கும், உங்கள் வாடகைக்காரர் போய்விடுவார். சின்னக் கடனில் வங்கிகளுக்கு ஆர்வமும் குறைவு. அடுக்குமாடித் தனிப் பட்டா வெளியாகாத கட்டடத்தைத் தொட வேண்டாம்.

கையெழுத்துக்கு முன்

வீடோ நிலமோ, நில அலுவலகத்தில் சாரியான் ரஸ்மி (அதிகாரபூர்வத் தேடல்) எடுத்த பிறகுதான் பணம். அதில் நான்கு இடம் பார்க்க வேண்டும். உரிமை நிரந்தரமா, பாஜாக்கானா (குத்தகையா); பாஜாக்கான் என்றால் எத்தனை ஆண்டு மீதி. மீதி 50 ஆண்டுக்குக் கீழ் போனால் வங்கி கடன் காலத்தைக் குறைக்கும், அடுத்து வாங்குபவருக்கும் அதே தொல்லை. செக்காத்தான் கெப்பெந்திங்கான் (உரிமைக் கட்டுப்பாடு) என்ற வரியில் மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் மாற்றக் கூடாது என்று இருந்தால் மாதங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். தானா சிம்பானான் மெலாயு (மலாய் ஒதுக்கீட்டு நிலம்) என்றிருந்தால் மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு மாறவே மாறாது. "பவர் எழுதித் தரேன், ஒன்றும் ஆகாது" என்பவருக்கு ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். நான்காவது, கவியட் (உரிமை மாற்றத் தடை) ஏதும் பதிவாகியுள்ளதா என்பது. நிலத்துக்கு மட்டும் ஐந்தாவதாக ஒன்று: வரைபடத்தில் சாலை தொடுகிறதா? இன்று லாரி போகும் மண்பாதை அடுத்தவர் நிலமாக இருந்து, பதிவு செய்த வழியுரிமை இல்லாவிட்டால், அவர் ஒரு சங்கிலி கட்டியதும் குலைகள் மரத்தடியிலேயே அழுகும்.

முன்வைப்பு 2 அல்லது 3 விழுக்காட்டை விற்பவர் கையில் தர வேண்டாம். வழக்கறிஞர் அல்லது பதிவுபெற்ற முகவர் நிறுவனத்தின் கணக்கில் கட்டுங்கள். வங்கி கடனை மறுத்தால் எத்தனை நாளில் முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும் என்ற ஒரு வரியை அந்த ரசீதிலேயே, தேதியோடு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.